எமனின் சீட்டுகள்

செயற்கைக்கோள் பேச்சு மூச்சில்லாமல் போய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் பதறவில்லை. பின்வரிசையில் ஒருவன் வாய் நிறையக் கொட்டாவி விட்டான்.

"பேட்டரி முப்பது சதவீதம். ஹீட்டரை அணைக்கிறேன். இன்னொரு ஆன்டெனாவுக்கு மாத்துறேன்," என்றாள் அவள். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் பஸ் கண்டக்டரின் குரலில்தான் சொன்னாள்.

திரையில் பச்சை எரிந்தது. போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

உண்மையில் அந்தச் செயற்கைக்கோள் இன்னும் வானத்துக்கே போகவில்லை. அடுத்த கட்டடத்தில் பாதித் திருகுகளோடு மேஜைமேல் கிடந்தது. இது ஒத்திகை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காலையிலிருந்து அதை விதவிதமாகச் சாகடித்துக்கொண்டிருந்தவர் பயிற்சி அதிகாரி. அந்தத் தேசிய விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் அவருக்கு எமன் என்று பெயர்.

எமன் ஆட்களையும் விடமாட்டார். கைபேசிகளை வாசலிலேயே பூட்டி வைத்துவிடுவதால் அறைக்குள் எல்லாம் சீட்டுதான். அலுவலக உதவியாளர் அக்கா கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். அக்கா வாய் திறக்கக் கூடாது. சீட்டில் மயக்கம் என்றிருந்தால் மயக்கம்தான். சீட்டு வந்தவர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் காலையிலேயே வந்துவிட்டது: 'மனைவிக்குப் பிரசவ வலி.'

"எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கலை. அதுக்குள்ள பிள்ளையே பொறக்க வச்சுட்டாரு மனுஷன்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பின்னால் போய் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான். அவனுடைய வேலையும் அவள் தலையில் விழுந்தது.

மாற்று ஆள் இல்லையென்றால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் செயற்கைக்கோளுடன் தொடர்பு முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. அதுதான் விதி. போன வருடம் 'உன் வீட்டில் தீ' என்ற சீட்டைப் பார்த்து ஒருவன் எழுந்து ஓடினான். இப்போது ஸ்டோர் ரூமில் திருகு எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அவள் எழப்போவதில்லை. இன்றைக்குத் தேறினால் நிஜமான ஏவுதலின்போது அந்த நாற்காலி அவளுடையது. அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நேர்முகத் தேர்வில் ஒருவர் கோப்பைப் புரட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மூட்டை தூக்குறவர் பொண்ணுக்கு ராக்கெட் ஆசை எப்படிம்மா வந்துச்சு?" அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். அந்தப் பல் இன்னும் வலிக்கிறது.

இரண்டு மணிக்கு மேல் அக்கா அவளிடம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

'அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. பெரியவளைக் கேட்கிறார்.'

நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்த நொடி கோபம் வந்தது. அவனுக்கு இல்லாத மனைவி, எனக்கு மட்டும் இருக்கிற அப்பாவா? எங்கே அடித்தால் வலிக்கும் என்று கோப்பைப் பார்த்து அடிக்கிறார். எனக்கு ஒரு தங்கை இருப்பது வரை தோண்டி எடுத்திருக்கிறார்.

அந்தக் கோபமும் நீடிக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துப்போனது.

அக்கா போகாமல் அங்கேயே நின்றாள்.

"நான் அழறேனான்னு பார்த்துட்டு வரச் சொன்னாராக்கா? அழலைன்னு சொல்லுங்க. போங்க."

அக்கா வாயைத் திறந்தாள். கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டு போய்விட்டாள்.

விதிப்படி பதிவேட்டில் எழுதினாள்: '2.10. சொந்தச் செய்தி வந்தது. பணி தொடர்கிறது.' கையெழுத்து கோணவில்லை.

அதற்குப் பிறகு எமன் இரண்டு முறை செயற்கைக்கோளைக் கொன்றார். இரண்டு முறையும் அவள் பிழைக்க வைத்தாள். எரிபொருள் கசிந்தது, அடைத்தாள். திசை தவறிச் சுழன்றது, பிடித்து நிறுத்தினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாலு மணிக்கு ஒத்திகை முடிந்து விளக்குகள் முழுதாக எரிந்தன. எமன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கைதட்டியபடியே வந்தார்.

"பதினாலு வருஷமா ஆளை உட்கார வச்சுப் பார்க்கிறேன். இப்படி ஒரு கல்லை நான் பார்த்ததே இல்லம்மா. நாற்காலி உன்னுது."

பின்வரிசையும் கைதட்டியது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வருமா என்று சற்று நேரம் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும் சார்."

"சொல்லும்மா."

"சேட்டிலைட்டை என்ன வேணா பண்ணுங்க. எங்களையும் என்ன வேணா பண்ணுங்க. எங்கப்பாவை ஏன் சார் இழுக்கறீங்க? மூட்டை தூக்குறவருன்னா கேட்க ஆள் இல்லைன்னு நினைப்பா?"

சீட்டை அவர் முன்னால் தள்ளினாள். பின்னால் பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது.

எமன் நெற்றியிலிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். பின்புறம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"இது நான் எழுதினது இல்லம்மா."