வேலிக்கு என்ன அர்த்தம்

வேலி என்றால் வேலி இல்லை என்றார் பேராசிரியர்.

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பாடம் ஓர் அமெரிக்க நாவல். நூறு வயதைத் தாண்டியது, தலையணை கனம். தேர்வில் அதிலிருந்து கட்டாயம் ஒரு பெரிய கேள்வி வரும். ஆகவே அதை யாரும் படிப்பதில்லை. அவர் எழுதிய நோட்ஸைத்தான் படிப்பார்கள். நாவலைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘குறியீடு’. அது அவருக்கும் தெரியும். பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

இன்றைக்குக் கடைசி அத்தியாயம். பண்ணைக்காரரின் மகள் வீட்டைவிட்டுப் போகிறாள். குதிரை வண்டி வாசலில் நிற்கிறது. அப்பா வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். வண்டி கிளம்புகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், நாவல் முடிந்தது. குறியீடு அங்கிருந்துதான் தொடங்குவார்.

வேலி, தனிமனிதனின் எல்லை. ஆணி, குற்றவுணர்வு. சுத்தியல், இயந்திர யுகம். குதிரையின் வாலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். அந்த வாலைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்தார். சாப்பாட்டு நேரம் வந்த பிறகும் ஆறேழு பேர் எழுந்திருக்கவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்வார். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததைச் சொல்வதில்லை.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. மனைவி. கவிழ்த்து வைத்தார்.

வீட்டுக்கு மகள் வந்திருந்தாள், பல வருடம் கழித்து. வருகிறேன் என்று நேற்றுச் சாயங்காலம்தான் தகவல் அனுப்பியிருந்தாள். இன்று சாயங்காலமே ரயில். அப்புறம் கடல் தாண்டி வேலை. இனி எப்போது வருவாளோ.

“அவளா எறங்கி வந்திருக்கா. ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?” என்றாள் மனைவி, அவர் கல்லூரிக்குக் கிளம்பும்போது.

வகுப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தேர்வு, என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். அடுத்த அறையில் இருந்த மகளுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

அவளும் இதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான். அப்பா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு எல்லோரும் நோட்ஸைப் பார்த்து நாலு பக்கம் எழுத, அவள் ஒரே வரி எழுதியிருந்தாள். பார்த்தால் அழுதுவிடுவார்.

சொந்த மகள் என்றும் பாராமல் முட்டை போட்டார். போட்டதோடு விடாமல் வகுப்பில் வாசித்தும் காட்டினார். வகுப்பே சிரித்தது. ஆசிரியர்கள் அறையில் அவருடைய நடுநிலைமையை ஒரு மாதம் பேசினார்கள். பேச்சு அடங்குவதற்குள் அவள் வெளியூரில் வேறு கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முட்டையைத் திருத்த அவர் பிறகு எத்தனையோ முறை சிவப்புப் பேனாவைத் திறந்ததுண்டு. தாள்தான் கையில் இல்லை.

கைபேசி மறுபடி அதிர்ந்து, மேசையில் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது.

வேறு சந்தேகம் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. பின் பெஞ்சு ஏற்கனவே பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. கேளுங்கள், எதுவானாலும் பரவாயில்லை, கேளுங்கள் என்றார். அவர் இப்படிக் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

ஜன்னலோரப் பெண் எழுந்தாள். நாவலையே படித்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பரீட்சை நேரத்தில் இந்த வேண்டாத வேலை எதற்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“சார், முந்தின அத்தியாயத்துலயே வேலி வேலை முடிஞ்சிடுது. பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, நல்லா அமைஞ்சிருக்குன்னு சொல்லிட்டுக்கூடப் போறாரு. அப்புறம் இவரு எதுக்கு சார் ஆணி அடிச்சிட்டு நிக்கிறாரு?”

இத்தனை வருட நோட்ஸில் அது இல்லை. குதிரை வால் இருந்தது. இது இல்லை.

குறியீடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது கிளம்பினால்கூட ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம்.

“நல்ல கேள்வி. மொதல்லேர்ந்து பார்ப்போம்” என்றார்.

திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தார். ஒன்றும் எழுதாத இடத்தையும் துடைத்தார். சாக்பீஸை எடுத்து, நாவலின் தலைப்பை முதல் நாள் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதத் தொடங்கினார். பலகையில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

பின் பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். போன வாரமே எல்லாத்தையும் முடிச்சாச்சு, நாமளும் போதும்னு சொல்லியாச்சு, லீவு நாளில் வரச்சொல்லி நேற்று ராத்திரி இவர் எதுக்குடா போன் பண்ணினார்?

கைபேசி அப்புறம் அதிரவில்லை.

ஜன்னலோரப் பெண் உட்காராமல் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பதிலை எழுதிக்கொள்ளத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடினாள்.