காதுகுத்துக்கு வராத கார் சீட்

"ரயில்ல போறதுக்குக் கார் சீட் எதுக்கு பூரணி? காதுகுத்துல புள்ள தாய்மாமன் மடியிலதான உக்காரப் போறா?" என்றான் கணவன் சேர்மத்துரை.

பூரணி தயங்கினாள். அவள் குரலிலேயே தாலாட்டுப் பாடி, அவள் குரலிலேயே செல்லமாக அதட்டி, தினமும் ஓட்டுநர் இல்லாத காரில் நறுமுகையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது அந்த சீட்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை அதில் ஒருநாளும் அழுததில்லை. இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கோயிலில் அண்ணன் மடியில் உட்காரவைத்ததுமே பிள்ளை வீறிட்டது. ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. பூரணி வாரித் தோளில் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தாள். அடங்கவில்லை. பிஞ்சுக் கை அவள் மார்பில் எதையோ தடவித் தேடியது.

"பாலுக்குத் தேடுது, பாவம்," என்றாள் மதினி.

பாலுக்கு இல்லை. பூரணிக்குச் சட்டென்று புரிந்தது. பிள்ளையைத் திருப்பி மடியில் இருத்தி, இரண்டு கைகளையும் சீட் பெல்ட் மாதிரிக் குறுக்கே இறுக்கி, அது பூட்டிக்கொள்ளும் சத்தம்போல நாக்கை 'டக்'கென்று சொடுக்கினாள்.

அழுகை நின்றது. நறுமுகை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, "அம்மா" என்றது.

"பாத்தீயளா! என்ன இருந்தாலும் பெத்தவ மடி மாதிரி வருமா?" என்று பூரித்துப்போனாள் மதினி.

பூரணி கையைத் தளர்த்தவே பயந்தாள்.