இரண்டாயிரத்து எழுநூறு சுற்று

விசிறி நின்றதுதான் தாமதம், மனோகர் விமானத்தின் கதவைப் பிடித்து இழுத்தார்.

"இறங்குடா. இன்னியோட முடிஞ்சுது. இனிமே இது பறக்காது."

எரிக் ஹெட்ஃபோனைக் கழற்றினான். "இன்னா அங்கிள், இன்னா ஆச்சு?"

"என்னையே கேக்கிறியா? நம்ம ஆண்டர்சன்பேட்டை மேல வந்ததும் என்ஜினை அலற விடறே. கீழ நின்னு கேட்டுக்கினுதான் இருக்கேன். நாலு வாரமா இதே கூத்து."

எரிக் இறங்கினான்.

மனோகர் உள்ளே விரலை நீட்டினார். இரண்டு லீவர்கள். கறுப்பு, என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதற்கு. நீலம், விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதற்கு. நீலத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டால், ஏறினாலும் இறங்கினாலும் விசிறி அதே வேகத்தில் சுற்றும். லீவர்களுக்கு மேலே விநாயக் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு.

கிளம்பும்போது 2700. உயரம் வந்ததும் முதலில் கறுப்பைக் குறை, அப்புறம் நீலத்தை. ஊருக்கு மேலே கறுப்பு 23, நீலம் 2300.

"இத எழுதினது யாரு?"

"விநாயக்."

"படிக்கத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் அங்கிள்."

"அப்புறம் ஊருக்கு மேல இன்னாத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூறு? பொண்ணு எதனா பார்த்து வச்சிருக்கியா? சார் பவுசைப் பார்க்க மொட்டைமாடிக்கு வருதா?"

எரிக் முகம் சிவந்தது.

மனோகர், ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடும் வரை அங்கே வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். கயிற்றில் தொங்கும் கேஜ் என்ற கூண்டில் ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றியவர். கயிறு முனகுவதை வைத்தே கீழே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். எந்த என்ஜினும் அவர் காதை ஏமாற்றியதில்லை.

இந்த விமானத்தை அவர் மகன் விநாயக்கும் எரிக்கும் இதே ஷெட்டில் நாலு வருஷம் ஞாயிறு ஞாயிறாகச் சேர்ந்து கட்டினார்கள். விநாயக் அதில் மூன்று மாதம்தான் பறந்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு போல்ட் வாங்கி வரச் சொல்லி அவனைப் பங்காருபேட்டைக்கு பைக்கில் அனுப்பியது மனோகர்தான். பைக் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது, லாரியில்.

போல்ட்டை மறுநாள் வாங்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? தினமும் தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனைவி சுனிதாவும் மனசுக்குள் அதைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கூடத்திலிருந்து கூப்பிட்டால் சமையலறையிலிருந்து பதில் வராது. எதிரே போய் நின்றால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அவள் மன்னிக்கப் போவதில்லை என்று முடிவு செய்து அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

"அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் எரிக். நின்னா என்ஜின் துருப்பிடிக்குமேன்னு உன்னை நம்பிக் கொடுத்தேன். நீ பவுசு காட்டறே."

"என்ஜினுக்கு ஒண்ணும் ஆவாது அங்கிள். ரெண்டே நிமிஷம். முதல்ல நீலத்தை ஏத்திட்டு, அப்புறமாதான் கறுப்பை..."

"எனக்குப் பாடம் எடுக்காதே. காரணம் சொல்லு. இல்லனா நாளைக்கே ஷெட்டைப் பூட்டிடறேன்."

எரிக் இறக்கையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"ஆன்ட்டிக்கு."

"எந்த ஆன்ட்டி?"

"நம்ம ஆன்ட்டிதான். சுனிதா ஆன்ட்டி."

மனோகர் அவனையே பார்த்தார்.

"போன மாசம் மார்க்கெட்டுல பார்த்தாங்க. 'இன்னா எரிக், இப்பல்லாம் பறக்கிறதே இல்லியா, விநாயக்கை மறந்துட்டியா'ன்னு கேட்டாங்க. ஒரு வாரம்கூட விட்டதில்ல ஆன்ட்டி, உங்க வீட்டு மேலதான் போறேன்னேன். மூணு தரம் சொன்னேன். கடைசில போன்ல டைப் பண்ணிக் காட்டினேன்."

மனோகர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாயிரத்து முந்நூறுல அவங்களுக்குக் கேக்கல அங்கிள். நீலத்தை முழுசா தள்ளினா விசிறி அலறுது பாருங்க, அது மட்டும்தான் கேக்குது. கேட்டதும் மாடிக்கு வந்து முந்தானையை ஆட்டறாங்க. வேற யாரும் வரல."

"எப்பத்துலேர்ந்து?"

"அவன் போன கொஞ்ச நாள்லயே காது அடைக்க ஆரம்பிச்சுதாம்."

"நான் கூடவேதானே இருக்கேன். என்கிட்ட ஏண்டா அவ சொல்லல?"

எரிக் இறக்கையிலிருந்து கையை எடுத்தான். பிறகு, அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"'காது போச்சுன்னு தெரிஞ்சா அவரு பேசறதையே விட்டுடுவாரு எரிக். இப்ப அவர் வாய் அசையறதையாவது பார்த்துக்கினு இருக்கேன்.'"