மனைவிமார் வரிசை

1951. கிளீவ்லாந்தில் பேஸ்பால் ஆட்டம். வீரர்களின் மனைவிமார் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பந்து வீசுவது என் புருஷன் வெர்ன் என்பது மட்டும் தெரியும்.

முதலில் வறுத்த கடலையை நீட்டிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். ஆறாவது சுற்றில் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன எட்னா, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

எட்னா எழுந்து இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கீழே, பந்து வீசாத நேரத்தில் வீரர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தேன். வெர்ன் பக்கத்திலும் ஒருவரும் உட்காரவில்லை.

"வெர்னை வேற டீமுக்கு வித்துட்டாங்களா?"

"வாயை மூடுடி!" என்றாள் எட்னா.

"இல்ல, எவளையாவது வச்சிருக்கானா? உங்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது!"

எட்னா காதைப் பொத்திக்கொண்டாள்.

வெர்ன் கடைசிப் பந்தை வீசி முடித்ததும் அரங்கமே எழுந்து கத்தியது. எட்னா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பைத்தியக்காரி! இன்னிக்கு ஆட்டம் முழுக்க ஒருத்தனாலயும் உன் புருஷன் பந்தை அடிச்சு ஓட முடியலடி. எப்பவோ ஒரு தடவைதான் இப்படி நடக்கும். நடுவுல அதைப் பத்தி வாயைத் திறந்தா ராசி போயிடும். அதான் அவன்கிட்டயும் பேசல, உன்கிட்டயும் பேசல!"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்போ வெள்ளிக்கிழமை ஆட்டத்துலயும் ஒருத்தியும் என்கிட்ட பேசாதீங்க. கடலையை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்க!"