விளக்கு எரியவில்லையாம்

"கடை மூடியாச்சு ஆன்ட்டி. நாளான்னைக்கு வாங்க."

சூன் ஹுவாட் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தான். தைப்பிங் ஊரில் வழக்கம்போல மழை. அந்த அம்மாள் குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து, சொட்டச் சொட்ட வந்து அவன் மேஜை முன்னால் நின்றாள்.

"நாளான்னைக்கு வந்து பிரயோஜனம் இல்ல தம்பி. நாளைக்கு என் பையனைப் பார்க்கப் போறேன். அதை விட்டா அடுத்த வருஷம்தான். அவன் கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குதாம்."

நாளைக்கு சூன் ஹுவாட்டுக்கும் வேலை இருந்தது. சீனர்களின் செங் பெங் நாள். அப்பாவின் கல்லறையில் புல் வெட்டி, கழுவி, கும்பிட்டுவிட்டு வர வேண்டும். அதற்காக வாங்கிய சாமான்கள் சிவப்புப் பொட்டலமாக மேஜை ஓரத்தில் இருந்தன. ஆனாலும் நனைந்துபோய் நிற்கிறவளை வெளியே தள்ள மனசு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கம்ப்யூட்டர் எங்க?"

"அவன்கிட்ட."

"அப்ப அவனைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

"வர முடியாத தூரம் தம்பி."

இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேர் சொல்கிற பதில்தான். சிங்கப்பூராக இருக்கும், ஆஸ்திரேலியாவாக இருக்கும்.

"சரி, போன் போட்டுக் குடுங்க. நானே கேட்டுக்கறேன்."

"நாம கூப்பிட முடியாது. அவனாப் பேசினாத்தான் உண்டு. முந்தாநாள்தான் வாயைத் திறந்தான்."

கப்பல் வேலை என்று சூன் ஹுவாட் முடிவு கட்டினான்.

"பட்டனை அமுக்கினா சின்னதா ஒரு விளக்கு எரியுமே?"

"எரியலையாம்."

"உள்ள ஃபேன் சுத்தற சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்லையாம். திரை ஒரே இருட்டாம்."

"எத்தனை நாளா?"

"வாங்கி அனுப்பின நாள்லேர்ந்து. ஒரு வருஷமாச்சு."

சூன் ஹுவாட் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு வருஷமா? இத்தனை நாள் என்ன பண்ணினான் உங்க பையன்?"

"சும்மா உட்கார்ந்திருக்கான். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லாம இருந்திருக்கான்." அவள் குரல் உடைந்தது. "அவன் என்கிட்ட கேட்டது இந்த ஒண்ணுதான் தம்பி. ஸ்கூல்ல படிக்கறப்ப கேட்டான். அடுத்த வருஷம்னேன். காலேஜ்ல கேட்டான். அதையேதான் சொன்னேன். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டான். கடைசியில வாங்கி அனுப்பினேன், அதுவும் இப்படி. நான் குடுத்து அவனுக்கு எதுவுமே உருப்படல."

அவள் அழுதாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வைரஸ் வந்த கம்ப்யூட்டரோடு எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் புலம்பியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் அழுததில்லை.

"எங்க வாங்கினீங்க?"

"கோயில் தெருவுல."

"கோயில் தெருவுல கம்ப்யூட்டர் விக்கிறவன் யாரு? எவனோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். போய்க் கேட்டீங்களா?"

"குடுத்த பொருளைத் திருப்பி வாங்க முடியாதுங்கறான். அவன் சொல்றதும் நியாயம்தானே."

"என்ன நியாயம்? நீங்கள்லாம் இப்படி இருக்கறதாலதான் அவனுங்க பிழைக்கறானுங்க." கோபத்தோடு கோபமாக அடுத்த கேள்வியையும் கேட்டான். "பெட்டியில என்னென்ன இருந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"டிவி மாதிரி ஒண்ணு. பக்கத்துல நிக்க வைக்கற பெட்டி. எழுத்துப் பலகை. ஒரு மவுஸ்."

"வயரு?"

"என்ன வயரு?"

சூன் ஹுவாட் தலையில் கையை வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத் தொழிலில் அவன் பார்த்தவற்றில் பாதிக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே வியாதிதான். உள்ளே கரண்ட் வரவில்லை. படித்த மனுஷர்கள் பிளக்கைச் செருகாமலே அவனை வீட்டுக்கு அழைத்து, காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் வயரே இல்லாமல் ஒரு பிள்ளை வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தான் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

"கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல ஆன்ட்டி. கரண்ட் வயர் இல்லாம எப்படி எரியும்?"

"அவ்வளவுதானா?" அவள் அழுகை சட்டென்று நின்றது. "வேற ஒண்ணும் இல்லையே? வயர் மட்டும் போதுமா?"

"போதும். பிளக்கைச் செருகி பட்டனை அமுக்கினா வந்துடும்."

இழுப்பறையிலிருந்து தடிமனான கறுப்பு வயரை எடுத்து அவள் கையில் வைத்தான். "சும்மா எடுத்துட்டுப் போங்க. நாளைக்குப் பையன்கிட்ட குடுங்க."

அவள் வயரை நீளமாக விரித்துப் பார்த்தாள். மூன்று முனைப் பிளக்கைத் தடவினாள். முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. வயரைச் சுருட்டி மேஜைமேலேயே வைத்தாள்.

"இது போய்ச் சேராதே தம்பி."

"ஏன் சேராது? நீங்கதானே நேர்ல போறீங்க?"

"அங்க என்ன, அவனா வந்து கையில வாங்கிக்கப் போறான்?" அவள் விரல் மேஜை ஓரத்துச் சிவப்புப் பொட்டலத்தைக் காட்டியது. "நீங்களும் அதே கோயில் தெருக் கடையிலதானே வாங்கியிருக்கீங்க. நாளைக்கு நீங்க எரிக்கப் போற சாமான் மாதிரி, என் பையன் கம்ப்யூட்டரும் காகிதம்தான். போன செங் பெங்குக்கு அவன் கல்லறை முன்னால எரிச்சு அனுப்பினேன். முந்தாநாள் கனவுல வந்துதான் விளக்கு எரியலைன்னான். இந்த வயரைப் பார்த்து, இதே அளவுல காகிதத்துல ஒண்ணு வெட்டிக் குடுங்க தம்பி. நாளைக்கு எரிச்சுடறேன்."

சூன் ஹுவாட் கத்தரிக்கோலை எடுத்து, வளைவு நெளிவு எதுவும் பிசகாமல் காகிதத்தில் ஒரு வயரை வெட்டி அவளிடம் கொடுத்தான்.

அவள் போனதும் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்தான். காகிதச் சட்டைக்கு அடியில், அப்பாவுக்கென்று வருஷா வருஷம் அனுப்புகிற காகித போன் இருந்தது, சார்ஜர் இல்லாமல்.