கசக்குமா?

"கசக்குமான்னா கேக்கறீங்க? அண்ணே, குடிக்கப்போறது காரா, நீங்களா?"

கடைக்காரன் தாலாய் கேட்டதும் கார் உதிரிபாகக் கடையே குலுங்கிச் சிரித்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நரின் என்ற எங்கள் மலையூரின் சந்தை ஓரத்தில் கதவு வைத்த ஒரு பழைய கன்டெய்னர் பெட்டி, உள்ளே ஒரு கரி அடுப்பு, குளிருக்கு அதைச் சுற்றி ஒதுங்கிய நாலு பேர். ரொட்டிக்காரி குமுஷ் தன் கூடையைக்கூட மறந்து முன்னால் வந்து நின்றாள். தெருவிலேயே பெரிய கஞ்சர் ஷம்பெத், இன்ஜின் குளிரில் உறையாமலிருக்க ஊற்றும் கூலன்ட் வாங்க வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? எங்கள் தெருவுக்கு அது கிரகணம் மாதிரி.

ஷம்பெத் சிரிக்கவில்லை. "கேட்டதுக்குப் பதில் சொல்லு தம்பி. கசக்குமா, இனிக்குமா?"

பக்கத்தில் அவர் மனைவி புருல்சா சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். பாவம், அவள் என்ன பேசுவாள்? ஊரே கூலன்ட் ஊற்றி ஓட்டும்போது அந்த வீட்டுக் காருக்கு மட்டும் இத்தனை வருஷமும் வெறும் தண்ணீர்தான். மாலையானால் ஷம்பெத் காருக்கு அடியில் படுத்து, உறைவதற்குள் தண்ணீரை வடித்துவிடுவார். விடிந்ததும் புருல்சா வாளி நிறைய வெந்நீர் சுமந்து வந்து ஊற்றுவாள். அந்த வீட்டில் முதல் தேநீர் காருக்குத்தான், அப்புறம்தான் மனுஷருக்கு என்று தெருவில் ஒரு பேச்சே உண்டு.

"திடீர்னு என்னண்ணே இவ்வளவு தாராளம்?" குமுஷ் வாயைக் கிளறினாள். "புது மாப்பிள்ளை ஆகப்போறீங்களா?"

"பிஷ்கெக் போகணும். நாளைக்கு ராத்திரி மக மாஸ்கோவுக்கு விமானம் ஏறறா, வேலைக்கு. பேரனைக் கூட்டிட்டு வரணும். இனிமே எங்ககிட்டதான் இருப்பான்."

"எத்தனை வயசு?"

"மூணு."

"கணவாய்ல பனி சரிஞ்சு கிடக்கு. வண்டியெல்லாம் மணிக்கணக்கா நிக்குதாம்," என்றார் அடுப்போரம் இருந்த லாரிக்காரர். "வெறும் தண்ணியோட போனீங்க, உறைஞ்சு இன்ஜினே பிளந்துடும். பச்சைப் புள்ளையோட நடுமலையில நிப்பீங்க."

"அதான் வந்தேன்."

தாலாய் தொழிலில் இறங்கினான். "உங்களுது பழைய வண்டி, பித்தளை ரேடியேட்டர். சிவப்புக் கூலன்ட் ஒத்துக்காது. பச்சைதான் சரி. இதோ பீப்பாயிலயே இருக்கு. மலிவு. எந்தக் குளிருக்கும் உறையாது."

"பச்சை வேண்டாம்."

"அண்ணே, உங்க வண்டிக்கு..."

"பச்சை வேண்டாம்னேன்."

"மருமகளுக்குத் தலைத்துணி எடுக்கற மாதிரியில்ல நிறம் பாக்கறாரு!" என்றாள் குமுஷ். கடை மறுபடி குலுங்கியது.

தாலாய் பெருமூச்சு விட்டு, மேல்தட்டிலிருந்து ஒரு கேனை இறக்கினான். "இது நீலம். பச்சைக்கும் இதுக்கும் சாயம்தான் வேற, சரக்கு ஒரே வகைதான். துரு பிடிக்காம இருக்க மருந்து சேர்த்தது. அப்புறம்..." கண்ணைச் சுருக்கிப் பொடி எழுத்தைப் படித்தான். "அட, கசப்பும் சேர்த்திருக்கானே! ஆனா விலை ரெண்டு மடங்கு."

ஷம்பெத் மூடியைத் திருகினார். வரவில்லை. அழுத்திக்கொண்டு திருகியபோதுதான் திறந்தது. அதில் அவருக்கு என்னவோ ஒரு திருப்தி. "விஷம்ணே அது!" என்று தாலாய் பதறுவதற்குள் சுண்டுவிரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் கோணிக்கொண்டது. வாசலுக்குப் போய்த் துப்பி, பனியை அள்ளி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கசக்குது," என்றார் மனைவியிடம்.

புருல்சா தலையசைத்தாள்.

"உள்ள இருக்கற துருத்தண்ணியை அலசிட்டு, இங்கேயே ஊத்திக் குடு தம்பி. மீந்தது உன்கிட்டயே இருக்கட்டும். வீட்டுக்கு வேண்டாம்."

குமுஷ் வாயைப் பிளந்தாள். கஞ்சன் பேரம் பேசவில்லை, மீந்ததையும் விட்டுவிட்டுப் போகிறான்! இந்தத் தெருவுக்குக் குடிவருமுன் தாலாஸில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைத் தவிர, அந்த வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனால் இது அவள் கணக்கிலேயே இல்லை.

வேலை முடிந்ததும் தாலாய்க்கும் மனம் இளகிவிட்டது. "பேரனைக் கூட்டிவரப் போறீங்க, வழியில குறைஞ்சா என்ன பண்ணுவீங்க? இந்தாங்க. காசு வேண்டாம்." எல்லோருக்கும் கொடுப்பதுபோலவே, பீப்பாயிலிருந்து பச்சையை ஒரு காலி சோடா பாட்டிலில் பிடித்து நீட்டினான்.

ஷம்பெத்தின் கை எழவே இல்லை. புருல்சாதான் அதை வாங்கினாள். நேராகப் பீப்பாயிடம் போனாள். கடைசிச் சொட்டு வரை அதிலேயே திருப்பிக் கவிழ்த்தாள். பிறகு பாட்டிலைத் தரையில் போட்டு, தட்டையாகும்வரை மிதித்தாள்.

"என்ன அண்ணி இது? நல்லதுக்குத்தானே குடுத்தேன்!"

புருல்சா சால்வையை விலக்கினாள். அவள் குரலை அந்தக் கடை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

"எங்க மூத்தவனுக்கும் அப்ப மூணு வயசு. இதே மாதிரி பாட்டில், இதே பச்சை. சோடான்னு நினைச்சுட்டான். கசந்திருந்தா துப்பியிருப்பான், தம்பி."