குடிகாரனின் சாட்சி

ஓய்வு பெற்ற கையோடு, குடியிலிருந்து கர்த்தர் என்னை மீட்ட கதையைச் சாட்சிப் புத்தகமாக எழுதினேன். நத்தம் மாந்தோப்பில் நான் காலி செய்த பாட்டில்களை அடுக்கினால் திண்டுக்கல் மலைக்கோட்டையே மறைந்துவிடும் என்று முதல் வரியிலேயே போட்டேன்.

“இம்புட்டையும் எப்பங்க குடிச்சீங்க?” என்றாள் மனைவி ஜெபசெல்வி.

“சும்மா இரு. படிக்கிறவன் திருந்தணுமா, வேண்டாமா?”

சபையே படித்து அழுதது. இரண்டு பேர் நிஜமாகவே குடியை விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்தில், அப்பத்தைத் தந்த போதகர் திராட்சை ரசப் பாத்திரத்தை மட்டும் என்னைத் தாண்டிக் கொண்டுபோனார்.

“உங்களுக்கு வேண்டாம்ணே. பழைய ஆசை திரும்பிரும்,” என்றார் கனிவாக.

பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஜெபசெல்வி ஒரு மிடறு பருகிவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். வாழ்நாளில் நான் தொட்ட ஒரே மது அந்தப் பாத்திரத்து ரசம்தான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.